தேய்புரியும் குப்பைக்கோழியும்

கயிறு என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தோன்றுவதில்லை. கொடிக்கயிறா, மூக்கணாங்கயிறா, தாலிக்கயிறா என்று வாசிப்பவர் தம் பாட்டுக்கு எதையோ நினைத்துக்கொள்வார். பழங்கயிறு என்றால் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். தேய்புரிப் பழங்கயிறு என்றால் உள்ளங்கை கூசும்.

அப்படிச் சொன்ன புலவரின் சொந்தப் பெயர் போயே போய்விட்டது. நற்றிணையின் 284ஆம் பாட்டைப் பாடியவர் ‘தேய்புரிப் பழங்கயிற்றினார்’. ஊர் தெரியாது, குலம் தெரியாது, தாய் தகப்பன் வைத்த பேரும் தெரியாது. பாட்டில் எது மனத்தில் ஒட்டிக்கொண்டதோ அதையே எடுத்துப் பேராகச் சூட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றில் தேங்காய் நார்த் தாம்புக்கயிறு கிடந்தது. ராட்டினத்தில் உரசும் இடத்தில் மட்டும் நார் பிசிர் கிளம்பி அணில்வால் மாதிரி நிற்கும். முறுக்கிய மூன்றில் ஒன்று அறுந்தால், “புரி விட்டுட்டு, வாளிய முழுசா முக்காத” என்பாள் ஆச்சி. அந்தப் புரிதான் நற்றிணையில் இருக்கும் புரியும்.

‘தேய்ந்த புரி’ என்றே அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ‘தேய்புரி’ வினைத்தொகை. தேய்ந்த புரி, தேய்கின்ற புரி, தேயும் புரி என்று மூன்றாக விரித்தெழுதிப் பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கிய அதே சமாச்சாரம். அந்த மார்க்குக்குள் இவ்வளவு பயம் இருப்பது அப்போது தெரியவில்லை. நேற்றும் தேய்ந்தது, இந்த இழுப்பிலும் தேய்கிறது, அடுத்த இழுப்புக்கு மிச்சமிருக்குமா என்பது தெரியாது. மூன்று காலத்தையும் ஒரே சொல்லில் முறுக்கி வைத்தது போதாதென்று, பக்கத்திலேயே ‘பழம்’ என்று இன்னொன்று. தேய்ந்தது பழசாகத்தானே இருக்கும், எதற்கு இரண்டு? இப்படி ஒரு சந்தேகம் எனக்கு நெடுநாள் இருந்தது. பரணில் சுருட்டிப் போட்ட கயிறு தேயாமலே பழசாகும். மோசமான ராட்டினத்தில் போட்ட புதுக்கயிறு பழசாகாமலே தேயும். இந்தக் கயிறு நாள்பட்டும் போயிருக்கிறது, உழைத்தும் ஓய்ந்திருக்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் கயிறு பாதியாகிவிடும்.

பாட்டில் பொருள் தேடிப் போனவன் நடுவழியில் நிற்கிறான். நெஞ்சு வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இளக்காரம் என்கிறது அறிவு. இரண்டு யானைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்திழுக்கும் கயிறாகத் தவிக்கிறது உடம்பு. யானைகள் பெரியவைதான். ஆனாலும் பாட்டைத் தாங்குவது கயிற்றின் அடைமொழிதான். புதுக்கயிறாக இருந்திருந்தால் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கும், நமக்கும் இவ்வளவு பதற்றம் வராது.

நான் கதை எழுதத் தொடங்கிய காலத்தில் என் நிலவெல்லாம் ‘பால்போன்ற’ நிலவுதான். ஒரு பத்திரிகை ஆசிரியர் ஓரத்தில் ‘எந்தப் பால்? காப்பிக்கு ஊற்றினதா?’ என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினார். கோபம்தான் வந்தது. பிறகு குறுந்தொகை 47இல் நெடுவெண்ணிலவினாரைப் பார்த்தேன். இவரும் பாட்டால் பேர்பெற்றவர். நெடு, வெண் என்ற இரண்டும் சங்கப் பாட்டில் தடுக்கி விழுந்தால் கிடைக்கிற சொற்கள். புதுமை என்று சொல்ல அவற்றில் எதுவுமில்லை. ஆனால் அங்கே காதலன் இரவில் காட்டுவழி ஒளிந்து வருகிறான். வேங்கைப்பூ உதிர்ந்த பாறையே புலிக்குட்டி மாதிரி தெரிகிற காடு. தோழி நிலவைப் பார்த்து, களவுக்கு நீ நல்லதில்லை என்று கடிந்துகொள்கிறாள். வெண்மை அழகு என்றுதானே நினைத்திருந்தோம்? இங்கே அது காட்டிக்கொடுக்கும் வெளிச்சம். நெடுமையோ விடிய விடியப் போகாமல் நிற்பது. அழகுக்குச் சொல்லிவந்த இரண்டு சொல்லும் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டன.

ஓரேருழவனாரிடம் (குறுந்தொகை 131) வெறும் எண்தான் அடைமொழி. மழை பெய்து நிலத்தில் ஈரம் நிற்கிறது. ஈரம் காயுமுன் உழ வேண்டும், இருப்பதோ ஒரே ஏர். நாலு ஏர் வைத்திருப்பவன் காப்பி குடித்துவிட்டுப் போகலாம். (அப்போது காப்பி ஏது, இருக்கட்டும்.) காதலியைப் பார்க்க விரையும் நெஞ்சு அந்த ஒற்றை ஏர்க்காரனைப் போலப் பதைக்கிறது. ‘ஏழை உழவன்’ என்று போட்டிருந்தால் இரக்கம் வந்திருக்கும், அவசரம் வந்திராது.

அணிலாடு முன்றிலாரை (குறுந்தொகை 41) எல்லாருக்கும் தெரியும், அதிகம் சொல்ல வேண்டாம். ஆள் போய்விட்ட வீட்டை ‘வெறிச்சோடிய’ என்று சொல்லாமல், முற்றத்தில் அணிலை விளையாட விட்டார். இல்லாததைக் காட்ட இருப்பது ஒன்றைக் கொண்டுவந்து வைத்த சாமர்த்தியம் அது.

சங்கப் புலவர்களின் அடைமொழி எல்லாமே இப்படி உயிரோடிருக்கிறது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வேங்கை என்றால் கருங்கால், குன்று என்றால் நெடு என்று கை தானாகப் போட்டவை ஏராளம். வாய்ப்பாட்டில் சொல்ல அவை வசதி. நாம் ‘ரம்மியமான’ என்று போடுகிறோமே, அந்த வகை.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் குப்பைக்கோழியார், குறுந்தொகை 305. சேவற்கட்டு என்றால் மோதவிட ஆள் உண்டு, சுற்றி நிற்கக் கூட்டம் உண்டு, ரத்தம் கண்டால் விலக்கிப் பிடிக்கக் கை உண்டு. குப்பைமேட்டில் தானாகச் சண்டைக்கு நிற்கும் இரண்டு கோழிகளை ஏவிவிட்டவரும் இல்லை, விலக்கிவிடுபவரும் இல்லை. தானே ஓய்ந்தால்தான் உண்டு. தன் காதல் நோயும் அப்படித்தான் என்கிறாள் தலைவி. ‘குப்பை’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள், வெறும் கோழிச்சண்டைதான் மிஞ்சும். நிலவைப் பாடியவருக்கு நிலவின் பேர் கிடைத்தது. இவ்வளவு நுட்பமாகச் சொன்ன மனிதருக்குக் கிடைத்தது குப்பைக்கோழி. கேட்டுவிட்டா வைத்திருப்பார்கள்?