குழந்தைச் செவியும் தமிழொலியும்: ஆய்வுகளை எடுத்தாளும் முறை குறித்து ஒரு மதிப்பீடு

தமிழாசிரியர் கருத்தரங்குகளில் மூளை வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் மிகுதியாக எடுத்தாளப்பட்டு வருவதை நாம் காண்கிறோம். ஓராண்டு நிறைவதற்குள் தமிழொலிகளைக் கேளாத குழந்தை அவற்றை வேறுபடுத்தும் ஆற்றலை இழந்துவிடும் என்பது ஒரு கூற்று. வீட்டில் பேசப்படும் சொற்களின் எண்ணிக்கையே பிள்ளையின் மொழித்திறனை முடிவு செய்கிறது என்பது மற்றொன்று. இரண்டிற்கும் மூலமான ஆய்வுகள் உள்ளன. ஆயினும் அவை எக்குழந்தைகளிடம், எவ்வாறு நிகழ்த்தப்பட்டன என்று வினவாமலே முடிவுகள் மட்டும் நம் வகுப்பறைக்குக் கொண்டுவரப்படுகின்றன.

முதற்கூற்றின் மூலம், கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வாகும். பெற்றோர் மடியில் அமர்ந்த குழந்தைக்கு ஓர் அசை திரும்பத் திரும்ப ஒலிக்கப்படும். அசை மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், இருண்ட பெட்டிக்குள் ஒரு பொம்மை ஒளிபெற்று அசையும். தாய் தம்மையறியாமல் குறிப்புக் காட்டிவிடாதிருக்க அவர் காதில் வேறோர் ஒலி கேட்குமாறு செய்யப்படும். இம்முறையில், ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றால் அது இயலவில்லை.

இவ்வேறுபாடு நமக்கு அயலானதன்று. 'பத்து', 'பட்டு' என்னும் சொற்களைப் பிரிப்பது இதுவே. இவ்விரு ஒலிகளின் பிறப்பிடங்களைத் தொல்காப்பியப் பிறப்பியல் தனித்தனியே வகுத்துரைக்கிறது. எனவே நம்மவர் இவ்வாய்வை ஆர்வத்துடன் எடுத்தாள்வது இயல்பே. ஆனால் அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரை நம் மேடைகளில் பேசப்படுவதில்லை. மழலைப் பருவத்தில் மட்டும் இந்தியைக் கேட்டுப் பின்னர் அதனை விட்டு விலகியவர்கள், வளர்ந்தபின் அம்மொழியைக் கற்கத் தொடங்கியபோது இவ்வொலி வேறுபாட்டை உணர முடிந்தது என்று அக்கட்டுரை காட்டியது. ஆகவே இங்கு நிகழ்வதை ஆற்றலின் அழிவு என்பதைவிடக் கவனத்தின் மறுசீரமைப்பு என்பதே பொருந்தும். இரண்டு வயதுவரை பாட்டியின் மடியில் தமிழ் கேட்டு, பின்னர் ஆங்கிலத்திற்கு மாறிய பிள்ளையை 'காலம் கடந்துவிட்டது' என்று ஆசிரியர் கைவிடுவதற்கு இவ்வாய்வில் இடமில்லை.

இதனினும் இன்றியமையாத வினா ஒன்றுண்டு. எந்தத் தமிழ் குழந்தையின் செவியைப் பழக்குகிறது? வீட்டுப் பேச்சுதான். பேச்சுவழக்குகள் பலவற்றில் 'அரம்', 'அறம்' என்பவற்றின் இடையின, வல்லின வேறுபாடு மறைந்துவிட்டது. ழகரம் ளகரமாக ஒலிப்பதும் நம் நாட்டில் பரவலானது. தாயின் பேச்சில் இல்லாத வேறுபாட்டைப் பிள்ளையின் செவி எங்கிருந்து பெறும்? சொல்வதெழுதுதலில் நேரும் ரகர, றகரப் பிழையையும், தகர, டகரக் குழப்பத்தையும் ஒரே 'செவிக்குறை' என்னும் தலைப்பில் அடக்கும் கட்டுரைகளை நாம் படித்திருக்கிறோம். முன்னது எழுத்து மரபைக் கண்ணாலும் சொல்லறிவாலும் கற்பிக்க வேண்டிய பணி. அதற்கு மூளை ஆய்வின் துணை வேண்டியதில்லை. பின்னது தொடர்ந்து காணப்படுமாயின் முதலில் செவிப்புலன் சோதிக்கப்பட வேண்டும்.

இரண்டாம் கூற்றை விரிவாக ஆராய வேண்டிய தேவை குறைவு. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி ஆகியோர் 1995-இல் வெளியிட்ட நூல் அமெரிக்காவின் 42 குடும்பங்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அவற்றுள் அரசு உதவி பெற்ற குடும்பங்கள் ஆறே ஆறு. 'மூன்று கோடிச் சொல் இடைவெளி' என்னும் புகழ்பெற்ற தொடர் அச்சிறு எண்ணிக்கையிலிருந்து பெருக்கிக் கணக்கிடப்பட்டது. டக்ளஸ் ஸ்பெரியும் உடனாய்வாளர்களும் 2019-இல் அச்சேற்றிய ஆய்வில், குழந்தையைச் சுற்றியிருப்போர் தமக்குள் பேசுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவ்வடிவிலான இடைவெளி புலப்படவில்லை. பெரியம்மாவும் தாத்தாவும் பேசிக்கொண்டே இருக்கும் கூட்டுக் குடும்பத்தை நினைத்தால் இத்திருத்தத்தின் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். ஏழைத் தாயரைக் குறைகூறுவதற்கு இவ்வெண்ணைப் பயன்படுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஒளிப்பேழைகளையும் கைப்பேசிப் பாடல்களையும் நம்பும் பெற்றோருக்கு எடுத்துரைக்கத் தக்கது பெட்ரீஷியா குல் குழுவினரின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை 12 அமர்வுகளில் நேரில் பேசிக் காட்டியபோது அவை அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை.

இவையனைத்திலும் தமிழ்க் குழந்தைகள் எங்கே? சிங்கப்பூரில் 2009-இல் தொடங்கிய 'கஸ்டோ' என்னும் நெடுங்கால ஆய்வு ஆயிரத்திற்கும் மேற்பட்ட கருவுற்ற தாய்மாரைச் சேர்த்தது. அவர்களுள் இந்தியரும் அடங்குவர். ஆனால் 'இந்தியர்' என்னும் பிரிவு ஒரு மொழியைக் குறிப்பதன்று. அந்நாட்டு இந்தியருள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். 2020-இல் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். தமிழ் கேட்டு வளரும் செவிகளை ஆராய்வதற்குரிய வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இத்தகைய ஆய்வுகளுக்குத் துணைபுரிய நம் ஆசிரியர்களால் இயலும். இசைவுப் படிவத்தைத் தாய்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல், ஒலிப்பதிவு எவர் கையில் இருக்கும் என்று அவர் சார்பில் வினவுதல் ஆகியவை ஆய்வுக்கூடத்தாரினும் ஆசிரியருக்கே எளிதில் கைவருவன. ஆனால் துணைபுரிவோர் தம் செந்தமிழ்ப் பற்றைச் சற்றே அடக்கிக்கொள்ளவும் வேண்டும். குழந்தை அறிந்த சொற்களைத் தாயே குறித்துத் தரும் சொற்பட்டியல் முறை பல நாடுகளில் வழக்கிலுள்ளது. அத்தகைய பட்டியலைத் தமிழில் ஆக்கும்போது, மழலைச் சொற்களும் 'சூசு', 'பசார்' போன்று நம் வீடுகளில் புழங்கும் மலாய்ச் சொற்களும் அதில் இடம்பெற வேண்டும். 'நீர்', 'உணவு' என்று மட்டும் அச்சிட்டால், 'தண்ணி' என்றும் 'மம்மு' என்றும் கேட்கும் பிள்ளை தமிழறியாப் பிள்ளையாகவே பதிவாகும்.