கந்தகம் குறைந்தது, கரி குறைந்ததா?

1.1.2020 முதல் கப்பல் எரிபொருளில் இருக்கத்தக்க கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் இவ்விதியைப் பற்றி எழுதுவோர் பலர், கப்பற்புகை இதனால் தூய்மையாகிவிட்டது என்று முடித்துவிடுகின்றனர். மாணவர் விடைத்தாள்களிலும் இதே வாசகம் தலைகாட்டுகிறது. இது பாதி உண்மைதான்.

கந்தகம் எண்ணெயிலேயே உள்ள பொருள். அதை எடுத்துவிட்டால் புகையிலும் இராது. புகைக்கரியின் கதை வேறு. டீசல் எஞ்சினில், அழுத்தத்தால் சூடேறிய காற்றினுள் எண்ணெய் தெளிக்கப்படுகிறது. தெளிப்பின் நடுவே எண்ணெய் மிகுதி, காற்று குறைவு. அங்கே மூலக்கூறுகள் எரியாமல் சிதைந்து கரித்துகள்களாகத் திரள்கின்றன. பெரும்பகுதி பின்னர் காற்றுடன் கலந்து எரிந்துபோகும். எஞ்சியது புகைபோக்கி வழியே வெளியேறும். அரிக்கேன் விளக்கின் திரியை அளவுக்கு மீறி ஏற்றினால் சிம்னி கறுக்கிறதல்லவா? அங்கே கந்தகமா காரணம்?

புதிய எண்ணெய்களைப் பற்றியும் ஐயம் எழுந்தது. பென்சீன் வளையச் சேர்மங்கள் மிகுந்த சில கலவைகள் பழைய கசட்டு எண்ணெயைவிடக் கூடுதலாகவே கரி கக்கின எனக் காட்டும் அளவீடுகளை, பின்லாந்தும் ஜெர்மனியும் அவ்வமைப்பின் 2020 பிப்ரவரிக் கூட்டத்தின் பார்வைக்கு வைத்தன.

புகையை நீரால் கழுவும் கருவி பொருத்திய கப்பல்கள் கந்தகம் மிகுந்த எண்ணெயையே தொடர்ந்து எரிக்கலாம். கந்தக டை-ஆக்சைடு நீரில் எளிதில் கரையும். கரித்துகளோ கரையாது. பெரிய துகள் தன் நிலைமத்தால் நீர்த்துளியில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியது பிரௌனியன் இயக்கத்தால் அலைந்து சிக்கும். மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கரித்திரள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வளிமத்தோடு சேர்ந்து துளியைச் சுற்றிப் போய்விடும்.

பேருந்தைப்போல் வடிகட்டி பொருத்தினால் என்ன? கணக்கைப் பாருங்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பேருந்தின் டீசலில் 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் 10 பங்கு கந்தகமே அனுமதி. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு 5,000 பங்கு, ஐந்நூறு மடங்கு! அந்த எண்ணெயின் சாம்பலும் சல்பேட்டும் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். ஆகவே கந்தகக் குறைப்பு வேண்டாததன்று, போதாதது.

துறைமுகத்தை நெருங்கும் கப்பல் வேகம் குறைக்கிறது. குறைந்த சுமையில் எஞ்சினுக்குக் காற்றூட்டும் டர்போ தளர்வதால், எரியும் ஒவ்வொரு கிலோ எண்ணெய்க்கும் கரி கூடுகிறது. மக்கள் வாழும் கரையோரத்தில்தான் இது நிகழ்கிறது. தூத்துக்குடியில் நிலக்கரியும் இறங்குகிறது என்பதை மறக்கலாகாது. உப்பளத்தில் படியும் கருமையெல்லாம் கப்பற்புகை என்பாரும், எல்லாம் நிலக்கரித் தூசி என்பாரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். நிலக்கரித் தூசி பருமனானது, உருப்பெருக்கியில் வேறுபடுத்திவிடலாம். பார்த்துவிட்டல்லவா பேசவேண்டும்!

கரிக்கென்று கட்டாய வரம்பு எதையும் அவ்வமைப்பு விதிக்கவில்லை. 2021 நவம்பர்த் தீர்மானம், தூய எண்ணெய்க்குத் தாமாக மாறுமாறு கப்பல்களை வேண்டுகிறது. அதுவும் ஆர்க்டிக் கடலுக்கும் அதன் அண்மைக்கும் உரியது. மன்னார் வளைகுடா அதில் இல்லை.