மனோரா: கல்வெட்டும் கட்டடமும்

தஞ்சை மாவட்டக் கட்டடங்கள் என்றதும் பெரிய கோயில்தான் நம் நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மனோராவைப் பலர் அறிவதில்லை. பட்டுக்கோட்டை வட்டாரத்தில், மல்லிப்பட்டினத்திற்கு அருகே, சரபேந்திரராஜன்பட்டினம் கடற்கரையில் அது நிற்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய அறுகோணக் கோபுரம் அது. எட்டு அடுக்குகள், சுமார் 23 மீட்டர் உயரம். 'மினார்' என்னும் சொல்லே மனோரா என மருவியது.

நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இது கட்டப்பட்டது. வாட்டர்லூ வெற்றிக்காகவே கட்டப்பட்டது என்று பலர் எழுதுகின்றனர். அது பொருந்துமா? வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். கல்வெட்டில் உள்ள ஆண்டோ 1814. அவ்வாண்டு ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டான். கல்வெட்டு குறிப்பது அந்த வீழ்ச்சியையே எனக் கொள்வதுதான் முறை.

அதே கல்வெட்டு மன்னரை ஆங்கிலேயரின் நண்பர் என்கிறது. ஆனால் 1799 உடன்படிக்கைப்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போய்விட்டது; மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே. நாட்டை இழந்தவர், அதைப் பெற்றவரின் வெற்றியைப் பாடி எழுப்பிய சின்னம் இது. சுற்றிலும் உள்ள மதிலும் அகழியும் கோட்டைத் தோற்றம் தருகின்றன. காக்க வேண்டிய நாடுதான் இல்லை. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த அம்மன்னரின் பெருமைக்கு இக்கல்வெட்டு எதையும் சேர்க்கவில்லை.

கட்டடத்தின் கதை வேறு. மேலே செல்லச் செல்ல அடுக்குகள் குறுகுவதால் எடை அடித்தளத்தை ஒட்டியே தங்குகிறது. கோபுரம் எளிதில் சாயாது. சதுரக் கோபுரத்தைவிட அறுகோணத்தின் முகங்கள் குறுகலானவை. கடற்காற்று ஒரே அகன்ற சுவரில் மோதாமல் பிரிந்து செல்கிறது. வளைவுச் சாளரங்கள் சுவரின் பாரத்தை இருபுறமும் பிரித்து இறக்குகின்றன. அழகும் கணக்கும் இங்கே ஒன்றாக நிற்கின்றன.

2004 சுனாமியில் சேதமுற்ற மனோரா பின்னர் புதுப்பிக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் உப்பு ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல்லை அரிக்கும். ஆகவே இத்தகைய கட்டடங்களைச் சுண்ணாம்பைக் கொண்டே பழுது பார்க்க வேண்டும். நாம் காக்க வேண்டியது கல்வெட்டின் புகழ்ச்சியை அன்று. பெயர் தெரியாத கொத்தனார்களின் கைத்திறனை.