ரமேஷ் லாரன்ஸ் மகாராஜின் சட்டவாக்கப் பணி: ஒரு மதிப்பீடு

ரமேஷ் லாரன்ஸ் மகாராஜ், கரீபியன் தீவு நாடான டிரினிடாட்–டொபாகோவின் வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். 1995 முதல் 2001 வரை, பாஸ்தியோ பாண்டே தலைமையிலான அரசில் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். தகவல் அறியும் சட்டம், நீதிப் புனராய்வுச் சட்டம், சமவாய்ப்புச் சட்டம் ஆகியவை இக்காலத்தில் இயற்றப்பட்டன. இதே காலத்தில்தான் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டனர். நாடு இரண்டு பன்னாட்டு மனித உரிமை உடன்படிக்கைகளிலிருந்து விலகியது. அரசுக்கு எதிராக நீதிமன்றம் செல்லும் உரிமையை விரிவாக்கிய ஒருவர், ஒரு பிரிவினருக்கு மட்டும் அதை ஏன் சுருக்கினார் என்பதே அவரது பணியை மதிப்பிடுவோர் முன் உள்ள முதன்மையான கேள்வி.

பதவியின் இயல்பு

இந்தியாவில் அட்டர்னி ஜெனரல் அமைச்சரவையில் இடம்பெறுவதில்லை. இலங்கையின் சட்டமா அதிபரும் அமைச்சர் அல்லர். டிரினிடாட்டில் நிலைமை வேறு. 1976ஆம் ஆண்டின் அரசமைப்பின்படி அங்கு அட்டர்னி ஜெனரல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருப்பார். நாட்டின் சட்ட விவகாரங்களின் நிர்வாகம் அவர் பொறுப்பு. அரசு தொடுக்கும் உரிமையியல் வழக்குகளும் அரசுக்கு எதிரான உரிமையியல் வழக்குகளும் அவர் பதவியின் பெயரிலேயே நடக்கும். குற்றவியல் வழக்குகளைத் தொடரும் பொறுப்பு தனி அதிகாரியிடம் உள்ளது.

இதனால் ஒரே மனிதர் மசோதாவை வரையச் செய்கிறார், அவையில் அதற்காக வாதாடுகிறார், அச்சட்டம் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்போது எதிர்வாதியாகவும் நிற்கிறார். மகாராஜின் பணியைப் படிக்கும்போது இந்த மூன்று வேடங்களையும் நினைவில் வைத்திருப்பது அவசியம்.

1975ஆம் ஆண்டின் வழக்கு

மகாராஜின் பெயர் சட்ட மாணவர்களிடையே பரவியதற்கு அவரது அமைச்சர் பதவி காரணமன்று. 1975 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தபோது, நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காக நீதிபதி அவருக்கு ஏழு நாள் சிறைத்தண்டனை விதித்தார். எந்தச் செயல் அவமதிப்பாகக் கருதப்பட்டது என்பது அவருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. விளக்கம் தர உரிய வாய்ப்பும் கிடைக்கவில்லை. நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், 1976இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. அரசமைப்பு உறுதியளித்த தனிமனித சுதந்திரம் பறிக்கப்பட்டதற்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று கோரினார். 1978இல் பிரிவி கவுன்சில் பெரும்பான்மையோடு அக்கோரிக்கையை ஏற்றது. தீர்ப்பை எழுதிய டிப்லாக் பிரபு இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். நீதிபதி சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் அதற்கு மேல்முறையீடுதான் தீர்வு. இயற்கை நீதியின் அடிப்படை நெறியையே மீறி ஒருவரைச் சிறையில் அடைத்தால், அது அரசமைப்பு உரிமை மீறல். அதற்கு அரசு நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு கரீபியனுக்கு வெளியிலும் பயன்பட்டது. காவலில் இறந்த இளைஞரின் தாய் தொடர்ந்த நிலாபதி பெஹரா வழக்கில், 1993இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதை எடுத்தாண்டு 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசே பணமாக ஈடு செய்ய வேண்டும் என்ற இந்தியக் கோட்பாட்டின் வேர்களுள் ஒன்று இந்த டிரினிடாட் வழக்கு.

அந்த வழக்கில் எதிர்வாதி அட்டர்னி ஜெனரல். தீர்ப்பு வந்து 17 ஆண்டுகளுக்குப் பின் மகாராஜ் அதே பதவியில் அமர்ந்தார்.

1995 முதல் 2000 வரை இயற்றப்பட்ட சட்டங்கள்

1995 நவம்பர் தேர்தலில் 36 இடங்களில் பாண்டேயின் ஐக்கிய தேசிய காங்கிரசும் ஆளும் கட்சியும் தலா 17 இடங்களைப் பெற்றன. டொபாகோவின் இரண்டு இடங்களை வென்ற கட்சியின் ஆதரவுடன் பாண்டே பிரதமரானார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் அந்நாட்டின் பிரதமரானது அதுவே முதல் முறை. மகாராஜ் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

அவர் காலத்துச் சட்டங்களில் ஒரு தொகுதி குடும்பத்தைப் பற்றியது. 1998ஆம் ஆண்டின் சட்டம், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோர் ஜீவனாம்சமும் சொத்தில் பங்கும் கோர வழிசெய்தது. ஐந்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருப்பதோ குழந்தை இருப்பதோ இதற்கான தகுதிகளுள் அடங்கும். 1999ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 1991ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. உடல் வன்முறையுடன் மனரீதியான, பொருளாதாரரீதியான கொடுமைகளையும் அது வன்முறையாக வரையறுத்தது.

இரண்டாம் தொகுதி அரசு நிர்வாகத்தைப் பற்றியது. 1999ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டப்படி, மனு செய்தவருக்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விலக்கு பெற்ற ஆவணமாக இருந்தாலும், அதிகார துஷ்பிரயோகத்துக்கோ பொதுப்பணம் முறைகேடாகச் செலவானதற்கோ நியாயமான சான்று இருந்து, பொதுநலனும் கோரினால் அதை வெளியிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் நீதிப் புனராய்வுச் சட்டம், அதிகாரிகளின் முடிவுகளை எந்தக் காரணங்களின் பேரில் எதிர்க்கலாம் என்பதை வரிசைப்படுத்தியது. முடிவுக்கான காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தந்தது. வறுமையாலோ உடல் குறைபாட்டாலோ தாமே வழக்குத் தொடர முடியாதவருக்காகப் பிறர் தொடரவும் அனுமதித்தது. பொதுநல வழக்கைச் சட்டமே அங்கீகரித்தது அங்கு பெரிய மாற்றம்.

மூன்றாவது, 2000ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம். வேலை, கல்வி, தங்குமிடம், பொருள்–சேவை வழங்கல் ஆகியவற்றில் பாலினம், இனம், மதம், திருமண நிலை, மாற்றுத்திறன் முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஏறத்தாழச் சம அளவில் வாழும் நாட்டில், அரசுப் பணி நியமனமும் பதவி உயர்வும் எப்போதும் அரசியல் சூடு நிறைந்தவை. எனவே இச்சட்டம் பழைய புண்ணைத் தொட்டது. ஆட்சி மாறிய பின் அது நடைமுறைக்கு வராமல் கிடந்தது. அது அரசமைப்புக்கு முரணானது என்ற வாதம் உள்நாட்டு நீதிமன்றங்களில் வென்றது. 2007இல் பிரிவி கவுன்சில் அந்த முடிவை மாற்றிய பிறகே ஆணையம் செயல்படத் தொடங்கியது.

இச்சட்டங்களின் குறைகளையும் சொல்ல வேண்டும். தகவல் சட்டத்தில் சுதந்திரமான தகவல் ஆணையம் இல்லை. தகவல் மறுக்கப்பட்டவர் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம், ஆனால் அவர் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். அதன் பின் எஞ்சுவது செலவு மிகுந்த நீதிமன்றம். ஓர் அமைப்பையே சட்டத்தின் எல்லையிலிருந்து ஆணை மூலம் விலக்கவும் வழி உண்டு. சமவாய்ப்புச் சட்டமோ, பாலினம் என்ற சொல்லில் பாலியல் நாட்டம் அடங்காது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. சமத்துவத்துக்கான சட்டமே ஒரு பிரிவினரை வாசலில் நிறுத்தியது.

மரண தண்டனை

டிரினிடாட்டில் கொலைக் குற்றத்துக்கு மரணம் கட்டாயத் தண்டனை. 1993இல் ஜமைக்கா வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் ஒரு வரம்பு விதித்தது. தண்டனை விதிக்கப்பட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வைத்தபின் ஒருவரைத் தூக்கிலிடுவது மனிதத்தன்மையற்ற செயல் என்று பொதுவாகக் கருதப்படும். அதனால் எல்லா மேல்முறையீடுகளையும் ஐந்தாண்டுகளுக்குள் முடிக்கும் அவசரம் கரீபியன் அரசுகளுக்கு ஏற்பட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையமும் மனுக்களைப் பரிசீலிக்க எடுத்துக்கொண்ட காலம் இந்தக் கணக்கில் சேர்ந்தது.

மகாராஜின் அரசு, அவ்வமைப்புகளுக்குக் கால வரம்பு விதிக்க 1997இல் முயன்றது. பின் 1998 மே 26 அன்று அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அவ்வுடன்படிக்கையிலிருந்து விலகிய முதல் நாடு டிரினிடாட்தான். தனிநபர் ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் நெறிமுறையிலிருந்தும் அதே நாளில் விலகி, மரண தண்டனைக் கைதிகளுக்கு அந்த வழி கிடையாது என்ற நிபந்தனையுடன் மீண்டும் சேர்ந்தது. 1999இல் ஐ.நா. குழு அந்த நிபந்தனை செல்லாது என்றது. 2000இல் டிரினிடாட் அந்நெறிமுறையை விட்டே வெளியேறியது.

1999 தொடக்கத்தில் பிரிவி கவுன்சிலும் அரசின் கால வரம்புகளை ஏற்க மறுத்தது. பன்னாட்டு அமைப்பிடம் முறையிடும் வழியைத் திறந்துவைத்த அரசு, மனு நிலுவையில் இருக்கும்போது மனுதாரரைத் தூக்கிலிடுவது உரிய நடைமுறைக்கு முரணாகும் என்று அது கூறியது. உரிய நடைமுறை என்ற அதே கோட்பாட்டின் பேரில்தான் 1978இல் மகாராஜ் வென்றார்.

உடன்படிக்கை விலகல் 1999 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்பது நாட்களுக்குப் பின், ஜூன் 4, 5, 7 தேதிகளில், நாளுக்கு மூவராக டோல் சாடீயும் அவரது குழுவினர் எட்டுப் பேரும் தூக்கிலிடப்பட்டனர். 1994இல் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்றதாக அவர்கள் மீது குற்றம் நிரூபணமாகியிருந்தது. ஜூலையில் மற்றொருவர் தூக்கிலிடப்பட்டார். அதன் பின் அந்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை இருந்தும் ஒருவர் தூக்கிலிடப்பட்டதை, 2002இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் உரிமை மீறல் என்று தீர்த்தது.

மகாராஜின் சகோதரர் கிருஷ்ணாவுக்கு அமெரிக்காவின் புளோரிடாவில் 1987இல் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அத்தண்டனை பின்னர் ஆயுள் சிறையாக மாறியது. இந்த முரணை அக்காலச் செய்தியாளர்கள் பலர் சுட்டினர். ஆயினும் ஒருவரின் குடும்பத் துயரை வைத்து அவரது கொள்கையை அளப்பது சரியான விமர்சன முறையன்று. அவர் முன்னர் வாதாடி நிலைநாட்டிய கோட்பாட்டை வைத்து அளப்பதே பொருத்தம்.

அரசின் தரப்பிலும் வாதம் இருந்தது. மரண தண்டனை நாட்டின் சட்டம். அதற்கு மக்களிடையே பெரும் ஆதரவு இருந்தது. நீதிமன்றமே ஐந்தாண்டு வரம்பு விதித்துவிட்டுப் பன்னாட்டு அமைப்புகளின் தாமதத்தையும் பொறுக்கச் சொன்னால், சட்டத்தை நிறைவேற்றவே முடியாது. இந்த இக்கட்டு உண்மையானது. ஆனால் அதிலிருந்து வெளிவரக் கட்டாயத் தண்டனை முறையைத் திருத்தும் வழியும் இருந்தது. அரசு முறையீட்டு வழியை அடைப்பதைத் தேர்ந்தெடுத்தது.

நீதித்துறையுடன் மோதலும் பதவி நீக்கமும்

1999இல் தலைமை நீதிபதி மைக்கேல் டி லா பாஸ்டீட், நீதித்துறையின் நிர்வாகச் சுதந்திரம் குறித்து அட்டர்னி ஜெனரலுடன் வெளிப்படையாக மோதினார். இதை விசாரிக்க பிரிட்டனின் மேக்கே பிரபு தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. நீதிமன்றத்தின் பணத்தையும் பணியாளர்களையும் யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி, அமைச்சராக இருக்கும் அட்டர்னி ஜெனரல் பதவியின் பிறவிச் சிக்கல்.

2001இல் மகாராஜ் கட்சியின் துணைத் தலைவராகத் தேர்வானார். அதன் பின் தம் அரசின் மீதே ஊழல் புகார்களை விசாரிக்கக் கோரினார். அக்டோபரில் பாண்டே அவரைப் பதவி நீக்கினார். அவருடன் மேலும் இரு உறுப்பினர்கள் விலகி நிற்க, அரசு பெரும்பான்மையை இழந்தது. டிசம்பர் தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் தலா 18 இடங்கள் பெற்றன. மகாராஜ் தொடங்கிய கட்சி ஓரிடமும் பெறவில்லை. குடியரசுத் தலைவர் ராபின்சன், எதிர்க்கட்சித் தலைவர் பேட்ரிக் மானிங்கைப் பிரதமராக்கினார்.

மதிப்பீடு

மகாராஜின் சட்டங்கள் அவரது அரசை விட நீண்ட ஆயுள் பெற்றன. தகவல் கோருவோரும் அதிகாரிகளின் முடிவை எதிர்ப்போரும் இன்றும் அவற்றையே பயன்படுத்துகின்றனர். மறுபுறம், உடன்படிக்கைகளை விட்டு விலகியும் தூக்குமேடை 1999க்குப் பின் இயங்கவில்லை. கட்டாய மரண தண்டனையோ சட்டப்புத்தகத்தில் நிற்கிறது. 2022இல் பிரிவி கவுன்சில் அதைச் செல்லும் என்றே கூறியது. விலகலால் அரசு நாடிய பலன் சில வாரங்களே கிடைத்தது. முறையீட்டு வழியை இழந்த கைதிகளுக்கு நேர்ந்த இழப்பு நீடிக்கிறது.

1975இல் ஏழு நாள் சிறை பெற்ற வழக்கறிஞருக்கு, தாய்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிட்ட பிறகும் லண்டனில் ஒரு மன்றம் இருந்தது. எல்லைக்கு வெளியே இன்னொரு கதவு இருப்பதன் மதிப்பை அவரைவிட நன்கு அறிந்தவர் அந்நாட்டில் குறைவு. பெரும்பாலான குடிமக்களுக்கு அவர் புதிய கதவுகளைத் திறந்தார். உயிரே பணயமாக இருந்தவர்களுக்கு இருந்த கதவு அவர் காலத்தில் மூடப்பட்டது. இவை இரண்டும் சேர்ந்ததே அவரது சட்டவாக்கப் பணி.