நூலும் பென்சில் கோடும்

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் ரயிலேறினால் ஹட்சன் ஆற்றை ஒட்டியே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பீக்கனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் டியா கலைக்கூடம். நபிஸ்கோ பிஸ்கட் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி அச்சடித்துக்கொண்டிருந்த பழைய தொழிற்சாலை அது, 2003ல் கலைக்கூடமானது. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் பகல் வெளிச்சம்தான் அங்கே விளக்கு. கூட வந்த நண்பர் ரயிலிலேயே சொல்லிவிட்டார்: "வெறும் கோட்டைக் காட்டி ஏமாத்தினா நான் காபி குடிக்கப் போயிடுவேன்."

வெறும் கோடுதான். நான் பார்க்க விரும்பியதும் அதைத்தான்: ஃப்ரெட் சாண்ட்பேக்கின் நூல் சிற்பங்களையும் ஆக்னஸ் மார்ட்டினின் ஓவியங்களையும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ்.

சாண்ட்பேக் செய்வது இவ்வளவுதான். கூரையிலிருந்து தரைக்கு ஒரு அக்ரிலிக் நூல், தரையில் கொஞ்ச தூரம், மறுபடி கூரைக்கு. ஆனால் நடுவில் ஒரு கண்ணாடி நிற்கிறது என்று கண் சத்தியம் செய்கிறது. நண்பர் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

எங்கப்பா கொத்தனார். அஸ்திவாரம் தோண்டும் முன்னால் முளை அடித்து நூல் கட்டுவார். வீட்டுக்கார அம்மா அந்த நூலுக்குள்ளே நின்றுகொண்டு "அடுப்படி சின்னதா இருக்கே" என்பார். நான் குறுக்கே தாண்டினால் அப்பா கத்துவார்: "வாசல் வழியா வாடா!" சுவரே இல்லை, ஆனால் வாசல் இருந்தது. சாண்ட்பேக்கை 'வெறுமையின் கலை' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். அது வெறுமை இல்லை. சுவர் எழும்புவதற்கு முந்தின நாள். அப்பாவின் நூல் சுவர் வந்ததும் அவிழ்ந்துவிடும். இவருடையது அந்த நாளிலேயே நிற்கிறது.

அங்கிருந்து மார்ட்டினிடம் போனது தப்பு. 1999ல் வரைந்த 'கள்ளமற்ற அன்பு' வரிசை: வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் பட்டைகள், நடுவே பென்சில் கோடுகள். "பெட்ஷீட் மாதிரி இருக்குங்க" என்றார் நண்பர். தள்ளி நின்று பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. நூல்களுக்கு நடுவே நடந்து பழகிய உடம்பு, சுவருக்கு முன்னால் கைகட்டி நிற்க மறுக்கிறது. 'மகிழ்ச்சி', 'அன்பு' என்று படங்களுக்கு வைத்த தலைப்புகளும் எனக்கு உதவவில்லை. பார்க்கும் முன்பே என்ன தோன்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிற தலைப்புகள்.

பிறகு கிட்டே போனேன். ஸ்கேல் வைத்து இழுத்த கோடுதான், ஆனால் கித்தானின் நெசவில் தட்டித் தட்டிப் போகிறது. ஓரிடத்தில் அழுத்தம், ஓரிடத்தில் மங்கல். 1912ல் பிறந்தவர், அப்போது வயது எண்பத்தேழு. தூக்கிக் கையாள முடியவில்லை என்று ஆறடிச் சதுரத்தை ஐந்தடியாகக் குறைத்துக்கொண்ட மனுஷி. அந்தக் கோட்டில் அவர் கை இருக்கிறது.

திரும்பி சாண்ட்பேக்கிடம் வந்தபோது குறை அங்கே தெரிந்தது. கூடம் திறந்த அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார். இப்போது எங்கே காட்சிக்கு வைத்தாலும் வேறு யாரோதான் நூலைக் கட்ட வேண்டும். யார் கட்டினாலும் ஒன்றுதான் என்பது அந்தக் கலையின் பலம் என்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். அப்பா கட்டின நூலை விரலால் சுண்டினால் விண்ணென்று அதிரும். நான் கட்டினால் தொய்யும். இங்கே நூல் தரையில் ஒரு பொடி ஓட்டைக்குள் போய் மறைகிறது. முடிச்சைத் தேடினேன், தட்டுப்படவில்லை. மார்ட்டினின் தடுமாறும் கோடு என்னைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு இது பிடிக்கவில்லை. அன்று மாலை எனக்கு அப்படித்தான் பட்டது. காலையில் கேட்டிருந்தால் நேரெதிராகச் சொல்லியிருப்பேன்.

நண்பர் காபிக்குப் போகவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டேன். அறையின் மறுபக்கத்திலிருந்து வேகமாக வந்தவர், நூல்களுக்கு நடுவே புகுந்து வரவில்லை. சுற்றிக்கொண்டுதான் வந்தார்.