பகல் பதினொரு மணியின் வரைபடம்

பாலசமுத்திரத்திலிருந்து பழனிக்குக் கிளம்பும் விடிகாலைப் பேருந்தில் என் அத்தை ஏறுவார். மடியில் பூக்கூடை இருக்கும். பழனியில் ஒரு சாலையோரத்தில் உட்கார்ந்து, ஒன்பது மணிக்குள் மல்லியையும் கனகாம்பரத்தையும் முழம் போட்டு விற்றுவிட்டு எழுந்துவிடுவார். மாலை ஐந்துக்கு மறுபடி உட்கார்ந்தால் இரவு எட்டரை ஆகும். இடைப்பட்ட நேரத்தில் அந்த ஆறடி இடத்தில் பைக்குகள் நிற்கும். முப்பது வருடமாக இப்படித்தான். பைக்காரர்களுக்கும் அத்தைக்கும் இடையே எழுத்தில் எதுவும் கிடையாது.

உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பார்க்கிங் விதிகளையும் போக்குவரத்து விதிகளையும் டிஜிட்டல் வரைபடங்களாக மாற்றிவருவதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஆறடிதான். வரைபடமும் ஒரு பிரதிதான். கதையையும் கவிதையையும் நாம் வாசிப்பதுபோல, யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று அதையும் வாசிக்கலாம்.

இந்த மாற்றம் மிகத் தெளிவாக நடப்பது இங்கிலாந்தில். அங்கே எந்தத் தெருவில் வண்டி நிறுத்தலாம், எத்தனை மணிவரை நிறுத்தலாம் என்பதை உள்ளூர் கவுன்சில்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆணைகளாக வெளியிடுகின்றன. நெடுங்காலமாக அந்த ஆணைகள் வாக்கியங்களாக இருந்தன: இன்ன தெருவின் வடக்குப் பக்கம், இன்ன சந்திப்பிலிருந்து கிழக்கே இத்தனை மீட்டர், இன்ன கிழமைகளில், இன்ன நேரம். பக்கம் பக்கமாக நீளும் அட்டவணைகள். பல கவுன்சில்கள் அவற்றைக் கைவிட்டு, வண்ணக் கோடுகள் போட்ட வரைபடத்தையே ஆணையாக ஆக்கிக்கொண்டன. அடுத்த கட்டமாக, 2024இல் நிறைவேறிய தானியங்கி வாகனச் சட்டம் இந்த ஆணைகளின் விவரங்களை டிஜிட்டல் வடிவில் தரும்படி கவுன்சில்களைக் கட்டாயப்படுத்த வழிசெய்தது. சட்டத்தின் பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஓட்டுநர் இல்லாத கார் விதியைப் படிக்க வேண்டும், வழிகாட்டும் செயலி படிக்க வேண்டும். வாக்கியம் மனிதருக்கு எழுதப்பட்டது. இந்தப் புதிய பிரதியின் வாசகர் வண்டி.

வாசகர் மாறினால் பிரதியின் சொற்களும் மாறும். வண்டிக்குத் தெரிய வேண்டியது நிற்கலாமா, எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்பவைதான். கைக்குழந்தையோடு பேருந்துக்குக் காத்திருப்பவள் எங்கே நிற்பாள், எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை என்பதெல்லாம் அதற்கு வேண்டாத செய்தி. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். சாலையோரத்தில் காத்து நிற்கும் பெண்களின் கூட்டம் அதனால் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். காத்திருப்பதைக் குறிக்கப் பார்க்கிங் வரைபடத்தில் ஒரு நிறம் உண்டா?

நம் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 117ஆம் பிரிவு, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு வண்டிகள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. அதே சாலையோரத்தைப் பற்றி இன்னொரு சட்டமும் பேசுகிறது: சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது, வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடும் இடத்தை இயல்பான சந்தையாக மதிக்க வேண்டும் என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரே ஆறடிக்கு இரண்டு சட்டங்கள். எது முதலில் வரைபடத்தில் ஏறுகிறதோ அது வென்றுவிடும் என்பதே என் பயம். காலியாகத் தெரியும் இடத்தில் கோடு போடுவது சுலபம். கோடு போட்ட இடத்தில் உட்காருபவரை ஆக்கிரமிப்பாளர் என்பது அதைவிடச் சுலபம்.

சென்னை பாண்டி பஜாரில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2013இல் நடைபாதை வியாபாரிகள் பல மாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019இல் அதே சாலை நடப்போருக்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. கார்களுக்கு அடுக்குமாடி நிறுத்தமும், எங்கே இடம் காலி என்று கைபேசியில் காட்டும் ஏற்பாடும் வந்தன. அகன்ற நடைபாதையில் நானும் ஆசையாக நடந்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போகிற போக்கில் ஒரு ரிப்பனோ ஹேர்பின்னோ வாங்குபவள், அதற்காக மாடி ஏறிப் போவாளா? காரின் இடத்தைச் செயலி நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைக்கிறது. மாடிக்குப் போன வியாபாரியின் வருமானத்துக்கு அப்படியொரு திரை கிடையாது.

பழனி கிரிவீதியும் இதே போன்றதுதான். உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2024 முதல் அங்கே தனியார் வாகனங்கள் இல்லை, கோயில் பேட்டரி கார்கள் ஓடுகின்றன. வெறுங்காலோடு கிரிவலம் வரும் பெண்களுக்கு, ஹாரன் சத்தம் இல்லாத அந்தச் சுற்று எவ்வளவு பெரிய நிம்மதி என்று நடந்தவர்களுக்குத் தெரியும். வண்டிகளை அகற்றிய அதே நடவடிக்கையில் கடைகளும் போயின. நடக்கிறவளுக்குக் கிடைத்ததையும் விற்கிறவள் இழந்ததையும் ஒரே தட்டில் போட்டு எடை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேருமே பெண்கள்.

இதனாலெல்லாம் வரைபடமே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பழைய ஏற்பாட்டை நம்மில் சிலர் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகிறோம். எழுதப்படாத ஒப்பந்தத்தின் விலை அத்தைக்குத்தான் தெரியும். கூடையை எடு என்று வருகிறவருக்கு இரண்டு முழம் பூ, சில நாள் ஐம்பது ரூபாய், சில நாள் காதில் வாங்க முடியாத பேச்சு. சிரித்துச் சமாளிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் வேறுமாதிரி எடுத்துக்கொள்ளாதபடி அளந்து சிரிக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஓடும் விதி, பேசும் இடத்தில் யார் ஆண், யார் பெண் என்பதைப் பொறுத்தே ஓடும். "இந்த இடம் இந்த நேரம் இவருக்கு" என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரைபடம் சொன்னால், அவர் யாருக்கும் சிரிக்க வேண்டியதில்லை.

அதற்குத் தொழில்நுட்பம் தடையே அல்ல. ஒரே கோடு காலை ஆறு முதல் ஒன்பது வரை ஒன்றையும் அதன்பின் வேறொன்றையும் சொல்ல டிஜிட்டல் வரைபடத்தால் முடியும். இங்கிலாந்தில் சரக்கு இறக்கும் வண்டிக்கும், மாற்றுத்திறனாளியின் காருக்கும் அப்படித்தான் நேரமும் விலக்கும் குறிக்கிறார்கள். சரக்கு வண்டிக்கு முடிகிற நேரக் கணக்கு பூக்கூடைக்கு முடியாதா? முடியாமல்போவது கணக்கெடுப்பில்தான். அளக்க வருகிறவர் அலுவலக நேரத்தில் வருகிறார். பகல் பதினொரு மணிக்கு வந்தால் அங்கே பைக்குகள்தான் நிற்கும். அவர் எழுதுவது பொய்யல்ல, பதினொரு மணியின் உண்மை. தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு வந்தால் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், அப்போது வண்டி நிறுத்தும் இடம் என்ற ஒன்றே தெரியாது. ஒரு ஊரின் சாலையோரத்துக்கு எத்தனை நேரங்கள் உண்டோ அத்தனை முறை அளக்காமல் போடுகிற வரைபடத்தைத் துல்லியமானது என்று எப்படிச் சொல்வது? வரைவை இணையத்தில் போட்டுவிட்டு ஆட்சேபணை கேட்டால், அதைப் பார்க்கப்போவது கார் வைத்திருப்பவர்கள். பேருந்து நிலையச் சுவரில் பெரிய தாளில், தெருப் பெயர்கள் தமிழில் தெரியும்படி ஒட்டட்டும். பூக்காரர்கள் விரலை வைத்து, "இது தப்புங்க" என்று சொல்லட்டும்.

ஒருநாள் மாலை என் கைபேசியில் அத்தையின் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பின்னாலிருக்கும் கடைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. அவர் உட்காரும் இடம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். இதையெல்லாம் எழுத ஆள் வருவார்கள் அத்தை, இனிமேல் வண்டிக்கு எது இடம், கடைக்கு எது இடம் என்று இதிலேயே குறித்துவிடுவார்கள் என்றேன்.

"வர்றப்ப எத்தன மணிக்கு வருவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு கண்ணு," என்றார். "அன்னிக்கு வெயிலானாலும் நான் எந்திரிக்காம உக்காந்துக்கறேன்."