மறதியை வைத்து மறதியை அளப்பது

கடந்த ஓராண்டில் எத்தனை முறை கேரட் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருமே விழிப்பார்கள். அமெரிக்கச் செவிலியர் பல்லாயிரம் பேர் 1980-இல் இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் பதில் எழுதினார்கள். ஊட்டச்சத்து ஆய்வாளர் வால்டர் வில்லெட் குழுவினரின் அந்த வினாத்தாளில் 61 உணவுகள் இருந்தன. தபாலில் அனுப்பிவிடலாம், செலவும் சொற்பம். அத்தனை பேரின் சாப்பாட்டை ஆண்டுக்கணக்கில் விசாரிக்க வேறு வழி எளிதில் கிடைக்காது.

அதை நம்பலாமா? 173 செவிலியரை நான்கு தவணையாக, தவணைக்கு ஒரு வாரம், சாப்பிட்டதையெல்லாம் அளந்து குறித்துவைக்கச் சொன்னார்கள். வினாத்தாளும் இந்தக் குறிப்பேடும் ஓரளவு ஒத்துப்போனதாக 1985-இல் முடிவு வெளியானது. ஆனால் இரண்டு கணக்கையும் எழுதியது ஒரே கை. வினாத்தாளில் இனிப்பைக் குறைத்துச் சொல்பவர் குறிப்பேட்டிலும் குறைத்தே எழுதக்கூடும். அப்போது பிழையோடு பிழை ஒத்துப்போவதும் துல்லியமாகவே கணக்கில் ஏறும்.

உடலையே சாட்சிக்கு அழைத்தது ஓபன் ஆய்வு. 1999–2000-இல் மேரிலாந்தில் 484 பேரைக் கொண்டு நடந்த இந்த ஆய்வில், கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் கரியமில வாயுவாகவும் போகும். அந்த வித்தியாசத்திலிருந்து உடல் செலவிட்ட கலோரியைக் கணக்கிடலாம். எடை மாறாதவர் ஏறக்குறைய அவ்வளவுதான் சாப்பிட்டிருக்க வேண்டும். வினாத்தாளில் ஆண்கள் 31–36 சதவீதமும் பெண்கள் 34–38 சதவீதமும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். முந்தைய நாள் சாப்பாட்டை மட்டும் கேட்டபோது குறை ஆண்களில் 12–14, பெண்களில் 16–20 சதவீதமாக இறங்கியது. பருமன் கூடக்கூடக் குறைத்துச் சொல்வதும் கூடியது. வில்லங்கமே இதில்தான்: தாறுமாறான பிழை என்றால் ஆட்களைக் கூட்டிச் சமாளிக்கலாம், ஒரு பக்கமே சாயும் பிழை லட்சம் பேரைக் கேட்டாலும் சாய்ந்தேதான் நிற்கும்.

வினாத்தாளின் தரப்பிலும் நியாயம் உண்டு. யார் அதிகம், யார் குறைவு என்று வரிசைப்படுத்துவதே அதன் வேலை. டிரான்ஸ் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை 1993-இல் செவிலியர் ஆய்வு காட்டியது இந்த முறையால்தான். தவிர, உடல் சாட்சி சொல்வது கலோரி, புரதம், பொட்டாசியம் போன்ற சிலவற்றுக்கே. மொத்தக் கொழுப்புக்கோ நார்ச்சத்துக்கோ அப்படியோர் உரைகல் இல்லை.

வினாத்தாள், உடல் சாட்சி இரண்டையும் இணைத்துப் பார்த்தது உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்க ஆய்வு. 544 பெண்களின் உடல் அளவீடுகளைக் கொண்டு மற்றவர்களின் பதில்களைத் திருத்தினார்கள். திருத்துமுன் தென்படாத கலோரி–புற்றுநோய்த் தொடர்பு, திருத்தியபின் தென்பட்டது. வெற்றிதான் என்று கொண்டாடத் தோன்றும். ஆனால் திருத்தும் சூத்திரத்திலேயே உடல் பருமனும் ஓர் உறுப்பு. பருமன் தானாகவே சில புற்றுநோய்களுக்குக் காரணமாகக் கூடியது. ஆகவே வெளிப்பட்டது உணவின் விளைவா, பருமனின் விளைவா என்று பிரித்துச் சொல்வது கடினமாகவே இருக்கிறது.